501-வது யூனிட்: அவிநாசி வீடு ஒன்றில் மின்காரின் இரண்டு மாதக் கணக்கு

மின்கார் வைத்திருப்பவரிடம் "கிலோமீட்டருக்கு எவ்வளவுங்க ஆகுது?" என்று கேட்டால், "ஒரு ரூபா கூட ஆகறதில்லீங்க" என்பதுதான் வழக்கமான பதில். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கிளறிப் பார்த்தால் வழி ஒன்றாகத்தான் இருக்கும். கரண்ட் பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்திருப்பார்கள். வந்த விலையைக் காரின் திரை காட்டும் யூனிட்டோடு பெருக்கியிருப்பார்கள். இரண்டு படியிலும் தப்பு இருக்கிறது. முதல் தப்பு பெரியது, இரண்டாவது சின்னது. இரண்டும் சேரும்போது உண்மைச் செலவு நினைத்ததைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது.

இதைக் காட்ட அவிநாசியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீடு கணக்குக்காக வைத்தது. விலைகள் 2024 ஜூலையில் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு அமலுக்கு வந்தவை.

வீடும் காரும்

நான்கு பேர் உள்ள வீடு, மும்முனை இணைப்பு, ஒரு ஏசி. கார் வருவதற்கு முன் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடியது. கார் 45 யூனிட் பேட்டரி கொண்ட நடுத்தர வண்டி. வாரம் மூன்று நாள் அவிநாசியிலிருந்து கோவை பீளமேட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறது. ஒரு வழிக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டர். இது போக திருப்பூர், கடைகண்ணி, கோயில், நோம்பி. இரண்டு மாதத்தில் பெங்களூருக்கு ஒரு தடவை, மதுரைக்கு ஒரு தடவை.

மொத்த ஓட்டம் 3,000 கிலோமீட்டர். வெளியூர்ப் பயணத்துக்கும் வீட்டில் நிரப்பித்தான் கிளம்புவார்கள் என்பதால், வீட்டு மின்சாரத்தில் ஓடியது 2,400. வழியில் சார்ஜ் போட்டு ஓடியது 600.

வீட்டு மின்சாரத்தில் ஓடிய தூரத்துக்குத் திரை காட்டும் சராசரி, கிலோமீட்டருக்கு 150 வாட்-மணி (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). 2,400 கிலோமீட்டருக்கு 360 யூனிட் ஆகிறது. ஆனால் அது பேட்டரியிலிருந்து போனது, மீட்டரில் ஓடியது அல்ல. சுவரில் 100 யூனிட் எடுத்தால் பேட்டரிக்குள் போய்ச் சேர்வது 88 யூனிட் அளவுதான். மீதி, காருக்குள் இருக்கும் சார்ஜரிலும் ஒயரிலும் வெப்பமாகப் போகிறது. ஆக மீட்டரில் ஓடியது 410 யூனிட்.

கரண்ட் ஆபீஸ் கணக்கு

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடும் வீட்டுக்கு முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு பட்டியல். முதல் 100 அங்கேயும் இலவசம்தான். ஆனால் 101 முதல் 400 வரை ஒரே விலை, 4.70. 401 முதல் 500 வரை 6.30, 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

கார் வருமுன் 380 யூனிட்டுக்கு இந்த வீட்டு பில் 1,081 ரூபாய். கார் வந்தபின் 790 யூனிட்டுக்கு 4,675.50. வித்தியாசம் 3,594.50. அதுதான் கார் குடித்த கரண்ட்டின் விலை. 410-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 8.77 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.50.

பில்லை மொத்த யூனிட்டால் வகுத்திருந்தால் 5.92 வந்திருக்கும். திரையின் 150 வாட்-மணியோடு அதைப் பெருக்கினால் கிலோமீட்டருக்கு 89 காசு. "ஒரு ரூபா கூட ஆகறதில்லை" என்பது இங்கிருந்துதான் வருகிறது. இலவச 100 யூனிட்டும் மலிவான 4.70 யூனிட்டும் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் உரியவை. கார் இல்லாவிட்டாலும் அவை ஓடியிருக்கும். கார் எடுப்பது எப்போதும் அடுக்கின் மேலே இருக்கிற யூனிட்டைத்தான்.

அந்த 3,594.50-ஐப் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 20 யூனிட் 4.70-ல் 94 ரூபாய். 100 யூனிட் 6.30-ல் 630. அடுத்த 100 யூனிட் 8.40-ல் 840. மீதி 190 யூனிட் 9.45-ல் 1,795.50. கூட்டினால் 3,359.50 தான் வருகிறது. இன்னும் 235 ரூபாய் எங்கே?

அது 500-ஐத் தாண்டியதற்கான அபராதம் மாதிரி. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.35 சலுகை, 500-ஐத் தாண்டிய நொடியில் பறிபோகிறது. சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 2,048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.

அதே கார், வேறு வீடுகள்

கார் எடுக்கும் 410 யூனிட்டை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஏசி இல்லாத, இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடும் வீட்டில் பில் 188-லிருந்து 2,796 ஆகும். காருக்கு 2,608 ரூபாய், யூனிட் 6.36, கிலோமீட்டர் 1.09. மூன்று ஏசி ஓடி 850 யூனிட் எடுக்கும் வீட்டில் 5,295 இருந்த பில் 9,873 ஆகிவிடும். யூனிட் 11.17, கிலோமீட்டர் 1.91.

பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடு, 90 யூனிட் ஓடுகிறது, பில்லே வந்ததில்லை. அங்கே அதே கார் நின்றால் மொத்தம் 500 யூனிட், பில் 1,805, யூனிட்டுக்கு 4.40, கிலோமீட்டருக்கு 75 காசு.

ஒரே கார், ஒரே ஓட்டம். 75 காசு முதல் 1.91 வரை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போவதற்கு அவர் பொய் சொல்லவேண்டியதில்லை.

திருப்பூர்ப் பக்கத்து லைன் வீடுகளில் ஒரு மீட்டரை இரண்டு மூன்று குடும்பம் பகிர்ந்துகொள்வதுண்டு. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று நிலையாக வாங்குவார். அங்கே ஒருவர் மின்கார் வாங்கினால் பில் மேலடுக்குக்குப் போய்விடும், வீட்டுக்காரருக்கு நட்டம் வரும், சண்டை வரும். காருக்குத் தனி சப்-மீட்டர் போட்டு, கார் வருமுன் இருந்த பில்லுக்கும் இப்போதைய பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கார்க்காரர் கட்டுவதுதான் நியாயமான கணக்கு.

தனி வீட்டுக்கும் அந்தச் சப்-மீட்டர் தேவை. போர்டில் மாட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் போதும், விலை ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான். அது இல்லாமல் போடுகிற கணக்கு எல்லாம் உத்தேசம்.

ரீடிங் தேதி

60 நாளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு என்றாலும் ஆள் வருவது ஓரிரண்டு நாள் முன்பின்னாகும். 480 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயம். ரீடிங்குக்கு முதல் நாள் ராத்திரி காரைப் பூராவும் நிரப்பினால் 500-ஐத் தாண்டிவிடும். அந்த ஒரு சார்ஜை மறுநாள் ரீடிங் எடுத்த பிறகு போட்டால் அந்த 235 ரூபாயாவது மிச்சம். கணக்கெடுப்பாளர் வரும் நாளை மீட்டர் அட்டையில் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு மூன்று நாள் முன் மீட்டரை ஒருதரம் பார்த்தால் போதும். 790 யூனிட் ஓடும் நம் அவிநாசி வீட்டுக்கு இது பயன்படாது. 450 முதல் 520 வரை அலைகிற வீடுகளுக்குத்தான்.

இரவில் போட்டால் மலிவு என்று சொல்லப்படுவதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மேலே சொன்ன வீட்டுப் பட்டியலில் நேரத்துக்கு ஏற்ற விலை கிடையாது. நள்ளிரவு யூனிட்டும் மத்தியான யூனிட்டும் ஒரே விலை. இரவில் போடுவதில் வேறு லாபம் இருக்கிறது. ஊர் அடங்கிய பிறகு வோல்டேஜ் நன்றாக இருக்கும்.

12 சதவீதம் எங்கே போகிறது

சார்ஜ் ஏறும்போது கார் தூங்குவதில்லை. பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி, குளிர்விக்கும் பம்ப், சில சமயம் ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு 200 முதல் 300 வாட் போகும். 10 ஆம்பியரில் மெதுவாக ஏற்றினால் உள்ளே போவது 2,300 வாட், அதில் 250 போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல். 32 ஆம்பியரில் 7,200 வாட் ஏற்றினால் அதே 250 வாட் நான்கு சதவீதத்துக்கும் குறைவு. மெதுவாகப் போட்டால் மிச்சம் என்று நினைப்பவர்களுக்கு இது தலைகீழ்.

வோல்டேஜ் விழுந்தாலும் இதே கதை. கடைசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரமாக இருக்கும் தோட்டத்துச் சாளைகளில் (தோட்டத்து வீடுகளில்) மாலையில் 190 வோல்ட் காட்டுவது சாதாரணம். 15 ஆம்பியருக்கு 3,450 வாட் வரவேண்டிய இடத்தில் 2,850 தான் வரும். நேரம் நீளும், நீளும் ஒவ்வொரு மணிக்கும் அந்த 250 வாட் போகும்.

அதற்காக எல்லோரும் 7.2 கிலோவாட் சுவர்ப்பெட்டி மாட்ட வேண்டியதில்லை. இந்த வீட்டின் 410 யூனிட்டை 15 ஆம்பியர் சார்ஜரில் ஏற்ற இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 120 மணி நேரம் ஆகும். நாளுக்கு இரண்டு மணி நேரம். அந்த அளவு ஓட்டத்துக்கு 15 ஆம்பியர் தாராளம். நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும், வீட்டில் இரண்டு மின்கார் நிற்பவருக்கும் பெரிய பெட்டி அர்த்தமுள்ளது.

ஒயரிங்: எரிவது எது, ஏன்

15 ஆம்பியர் சார்ஜரை ஏசிக்குப் போட்ட பாயின்ட்டிலோ மோட்டார் பாயின்ட்டிலோ செருகிப் பழகுபவர்கள் உண்டு. ஏசி கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். கார் அப்படியில்லை, எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் 15 ஆம்பியர் இழுக்கும். முதலில் கருகுவது சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி. அது ஒரு தடவை சூடாகித் தளர்ந்துவிட்டால் தொடுபரப்பு குறையும், அடுத்த தடவை இன்னும் சூடாகும், ஒரு நாள் பிளக் முள் கறுத்து பிளாஸ்டிக் உருகும். சார்ஜ் ஏற ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே நிறுத்தி, சாக்கெட்டை மாற்றும் வரை கார் அமைப்பிலோ சார்ஜரிலோ கரண்ட்டை 10 ஆம்பியருக்குக் குறைத்துக்கொள்ளலாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி எந்த நாளும் கூடாது.

சரியான முறை: மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். 20 ஆம்பியர் சி வகை எம்சிபி (சுமை மீறினால் விழும் சுவிட்ச்). 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), அதுவும் ஏ வகை. கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஏசி வகை, மாறுதிசை மின்சாரக் கசிவை மட்டும் உணர்வது. கார் சார்ஜரில் டிசி (நேர்திசை மின்சாரம்) கலந்த கசிவு வந்தால் அந்த வகை கண்ணை மூடிக்கொள்ளும், ட்ரிப் ஆகாது. விலை வித்தியாசம் பார்த்து இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஒயர் தடிமனும் பில்லில் தெரியும். போர்டிலிருந்து கார் நிற்கும் ஷெட் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். போக வர 60 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 15 ஆம்பியர் ஓடினால் 100 வாட்டுக்கு மேல் ஒயரே தின்றுவிடும். 4-ல் 65 வாட். 7.2 கிலோவாட் பெட்டிக்கு 32 ஆம்பியர் ஓடும், அதே 4 ஒயரில் 300 வாட் வெப்பம். அங்கே 6 போட்டாலும் 200 வாட் அளவு போகும் என்பதால், 25 மீட்டரைத் தாண்டினால் 10 போடுவதே சரி. அந்தப் பெட்டிக்கு 40 ஆம்பியர் பாதுகாப்பு.

மும்முனை இணைப்பு இருந்தாலும் இந்த 7.2 பெட்டி ஒரே பேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். அந்த பேஸில் ஏற்கெனவே ஏசியும் ஹீட்டரும் இருந்தால் வேறு பேஸுக்கு மாற்ற வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் ஒரு பேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றித் திருப்பும் பேஸ் சேஞ்சர் சுவிட்ச் நிறைய உண்டு. வெளியே ஒரு குமிழ், உள்ளே பத்து வருஷப் பழைய காண்டாக்ட். வீட்டுச் சுமைக்குத் தாங்கிய அது, கார் வந்த முதல் கோடையில் கருகும். கார் லைனை அந்த சுவிட்ச்சுக்கு முன்னாலேயே தனியாக எடுத்துவிடுவது நல்லது. கம்பத்திலிருந்து வரும் அலுமினிய சர்வீஸ் ஒயர் மீட்டருக்குள் நுழையும் இடத்தில் தளர்ந்திருந்தாலும் இதே தொல்லை. கார் சார்ஜ் ஏறும்போது வீட்டு விளக்கு மினுக்கினால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். அது நம் ஒயர்மேன் தொடும் இடமில்லை, கரண்ட் ஆபீசில் சொல்லி அவர்கள் ஆள் வரவேண்டும். சுமை கூடுவதால் அனுமதிக்கப்பட்ட பளுவை உயர்த்தவும் அதே நடையில் மனு கொடுத்துவிடலாம்.

எர்த். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து கார் ஏறமாட்டேன் என்றால் பெரும்பாலும் எர்த்தான் காரணம். சுக்கான்கல்லும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலம் சித்திரை, வைகாசியில் காய்ந்து இறுகிவிடும். ஐப்பசியில் 3 ஓம் காட்டிய எர்த் குழி அப்போது பல மடங்கு ஏறிவிடும். காருக்கென்று தனிக் குழி, 5 ஓமுக்குக் கீழே, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர். குழி வெட்டிய உடனே அளப்பதைவிட வைகாசியில் அளப்பதுதான் அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்டுக்கு மேல் காட்டக் கூடாது.

இன்வெர்ட்டர் லைனோடு கார் லைனின் நியூட்ரல் கலந்திருந்தால் ஆர்சிசிபி சும்மா சும்மா விழும். ஜெனரேட்டரில் போட்டாலும் ஏறாது. சின்ன ஜெனரேட்டரில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்திருக்க மாட்டார்கள், சார்ஜர் அதை எர்த் இல்லாத லைன் என்றே படிக்கும்.

தோட்டத்து சர்வீஸ், தறி சர்வீஸ்

கொங்கு நாட்டில் வீட்டு மீட்டரைத் தவிர இன்னும் இரண்டு மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒன்று கிணற்று மோட்டாருக்கு வந்த இலவச விவசாய இணைப்பு. இன்னொன்று பல்லடம், சோமனூர்ப் பக்கம் வீட்டோடு ஒட்டிய விசைத்தறிக் கூடத்தின் இணைப்பு. 2023 முதல் அதற்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். மோட்டார் ரூமில் காரைச் செருகினால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் வருவது இயல்புதான்.

2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் இது அனுமதியில்லாத பயன்பாடு. பொருந்தும் விலையைப் போல் இரண்டு மடங்கு மதிப்பீடு செய்வார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. அனுமதித்த நோக்கத்துக்கு மாறாக மின்சாரம் எடுப்பதை 135-வது பிரிவு திருட்டாகவும் பார்க்கிறது. மாதம் 1,800 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மோட்டார் சர்வீஸையே வம்பில் மாட்டிவிடுவது எந்தக் குடியானவருக்கும் கட்டுபடியாகாது. தோட்டத்துச் சாளைக்கு வீட்டு இணைப்பு தனியாக இருந்தால் அதில் போடலாம், சொந்தக் காருக்கு அதில் தடையில்லை.

வெளியே போடும்போது

இந்தக் குடும்பம் வழியில் போட்டு ஓட்டிய 600 கிலோமீட்டர் முழுக்க நாற்கர சாலை. 100 வேகத்தில் கிலோமீட்டருக்கு 170 வாட்-மணி. பேட்டரிக்கு 102 யூனிட் வேண்டும். டிசி சார்ஜரில் காரின் சொந்த சார்ஜர் வேலை செய்வதில்லை என்பதால் இழப்பு குறைவு, 108 யூனிட்டுக்கு பில் வரும். பொது வேக சார்ஜர்களில் யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை போகிறது. வரியோடு 22 என்று வைத்தால் 2,376 ரூபாய். கிலோமீட்டருக்கு 3.96.

இரண்டு மாத மொத்தச் செலவு 5,970. கிலோமீட்டருக்கு 1.99. ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச் சார்ஜ், செலவிலோ அதற்கு நாற்பது சதவீதம். வீட்டில் போட வசதியே இல்லாமல் 3,000 கிலோமீட்டரும் வெளியே போட்டிருந்தால் 10,700 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும், கிலோமீட்டர் 3.57.

பெட்ரோலோடு ஒப்பிடுவோரும் இங்கேதான் கவனிக்க வேண்டும். லிட்டர் 101 ரூபாய், ஊருக்குள் 14 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் கிலோமீட்டர் 7.20. வீட்டுச் சார்ஜின் 1.50-க்கு முன் அது நிற்க முடியாது. ஆனால் நாற்கர சாலையில் 20 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் வண்டி, லிட்டர் 93 ரூபாயில், 4.65. வெளிச் சார்ஜின் 3.96-ஐவிட 70 காசுதான் அதிகம். மாதம் முழுக்க சேலம், பெங்களூர் என்று ஓடுபவர் எரிபொருள் மிச்சத்தை மட்டும் நம்பி மின்காருக்கு மாறினால் ஏமாற்றம்தான்.

வெளியே ஏன் இவ்வளவு? சார்ஜிங் நிலையத்துக்கு வரும் மின்சாரத்தில் 100 இலவச யூனிட் இல்லை. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் வாங்கிய கிலோவாட்டுக்கு நிலைக்கட்டணம் உண்டு. இடத்துக்காரர் பங்கு, இயந்திரத்தின் கடன், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. வீட்டு கரண்ட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, சார்ஜிங் சேவைக்கு உண்டு. செயலியில் 20 ரூபாய் என்று காட்டுவது வரிக்கு முன்னா பின்னா என்று பார்க்காவிட்டால் முடிவில் 23.60 கழியும்.

2024 செப்டம்பரில் ஒன்றிய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொது நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை மின்சாரத்தைச் சராசரி வழங்கு செலவில் 0.7 மடங்குக்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்குக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நேரத்துக்கு நேரம் விலை மாற்றும் நிறுவனங்களின் செயலியில் மத்தியானச் சார்ஜ் மலிவாக இருக்கும். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜியான் தொடங்கி நாடு முழுக்க ஓடும் நிறுவனங்கள் வரை ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலி, தனிப் பணப்பை. போகும் வழியில் இருக்கும் இரண்டு மூன்றில் மட்டும் முன்கூட்டியே கணக்குத் திறந்து, சின்னத் தொகையாகப் போட்டு வைத்தால் போதும். எல்லாவற்றிலும் ஐநூறு ஐநூறாகப் போட்டால் அந்தப் பணம் அங்கேயே தூங்கும்.

60 கிலோவாட் என்று எழுதிய இயந்திரத்தில் இரண்டு கன் (காரில் மாட்டும் முனை) இருந்தால், பக்கத்தில் இன்னொரு வண்டி மாட்டியதும் பலவற்றில் ஆளுக்கு 30 ஆகிவிடும். 80 சதவீதத்துக்கு மேல் கார் தானாகவே வேகத்தைக் குறைக்கும். 80-லிருந்து 100 போக, 20-லிருந்து 80 போன நேரம்கூட ஆகலாம். 80-ல் கழற்றிவிட்டு அடுத்த ஊரில் போடுவதே வேகம். கன்னை மாட்டியும் ஏறாவிட்டால், கனமான கேபிள் கன்னைக் கீழே இழுத்துத் தொடுமுனை சரியாகப் பொருந்தாமல் இருக்கும். தொடங்கும் அரை நிமிடம் கையால் சற்றுத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் ஏறிவிடும். கரூர் பரமத்தி, ஈரோடு வெயிலில் 40 டிகிரியைத் தொடும் மத்தியானத்தில், வேகமாக ஓடி வந்த பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். கார் வேகத்தைக் குறைத்து, குளிர்விப்பதற்கே ஏறும் மின்சாரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பில் அதற்கும் சேர்த்துத்தான்.

காற்றும் மலையும்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்றுக்கு எதிராக வாளையாறு பக்கம் 100-ல் போனால் 170 வாட்-மணி என்ற கணக்கு நிற்காது. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், ஆனால் போகும்போது இழந்தது முழுதாகத் திரும்பாது. வேகத்தை 80-க்கு இறக்குவது ஒன்றே வழி.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் சொச்சம். ஏறும் உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ எடையைத் தூக்க மட்டுமே 9 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஓட்டச் செலவையும் சேர்த்தால் 45 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இறங்கும்போது அந்த 9-ல் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பும், பைசா செலவில்லாத சார்ஜ். ஊட்டி விடுதியில் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்குவதுதான் இங்கே நடக்கும் பிசகு. நிறைந்த பேட்டரியில் திரும்பும் மின்சாரத்துக்கு இடமில்லை. கார் மோட்டார் பிரேக்கைக் குறைத்துவிடும், கொண்டை ஊசி வளைவுகளில் கால் பிரேக்கே எல்லாவற்றையும் தாங்கும். 80-ல் நிறுத்தி இறங்குங்கள்.

குறைக்க என்ன வழி

790 யூனிட்டில் நிற்கும் அவிநாசி வீட்டுக்கு இப்போது மேலடுக்கு விலை 9.45. காரில் மட்டுமல்ல, வீட்டில் எதில் மிச்சம் பிடித்தாலும் ஒவ்வொரு யூனிட்டும் அந்த விலைக்குத்தான் குறையும். நாளுக்கு 2 யூனிட் எடுக்கும் ஹீட்டருக்குப் பதில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்தால் 120 யூனிட், 1,134 ரூபாய். கார் வருமுன் இதே தொட்டி 564 ரூபாய்தான் மிச்சப்படுத்தியிருக்கும்.

கூரை சோலார் இதைவிடப் பேசும். ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரி 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240. நெட் மீட்டரில் பகலில் கொடுத்ததை இரவில் எடுக்கும் யூனிட்டில் கழித்துவிடுவார்கள், ஆகவே கார் இரவில் நின்றாலும் பரவாயில்லை. முதல் கிலோவாட் 790-ஐ 550 ஆக்கும், பில் 4,675-லிருந்து 2,460 ஆகும், மிச்சம் 2,215. இரண்டாவது 310 ஆக்கும், 500-க்குக் கீழே வந்து 2.35 சலுகையும் திரும்பும், பில் 752, மிச்சம் 1,708. மூன்றாவது கிலோவாட்டில் பில் பூஜ்யம், ஆனால் அதனால் கிடைக்கும் மிச்சம் 752 மட்டுமே. சோலாருக்கான நெட்வொர்க் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை.

2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியமும் அதே சரிவில் இருக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய். அதாவது மூன்றாவது கிலோவாட்டுக்குக் கிடைப்பது 18,000 தான். விற்பவர்கள் மூன்றையே தள்ளுவார்கள். இரண்டாவது மின்கார் வரப்போவதில்லை என்றால் இந்த வீட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும்.